ஊசி காட்டிய வடக்கு

எமது கல்லூரி அன்னையின் விழா மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபோது, எதனை எழுதுவது என்று பலநாள் சிந்தித்தோம். துடுப்பாட்ட வெற்றிகளைப் பற்றியும், நாடக மேடையைப் பற்றியும், விடுதிச்சாலை உணவைப் பற்றியும் எழுதுவதற்கு எம்மிலும் வல்லார் பலர் உளர். நாம் எழுதப் புகுவது, பாதையில்லாத மலைநிலத்தில் வழியறிந்து நடப்பதற்கு நம்பத்தகுந்த திசையறி கருவியையும் தேசப்படத்தையும் எவ்வாறு தேர்ந்துகொள்வது என்பதைப் பற்றியாகும். இஃது ஒரு விழா மலருக்கு ஏற்ற பொருளோ எனச் சிலர் ஐயுறலாம். சாரணராய் இருந்தோர் ஐயுறார். இன்றைய மாணவர்க்கு இது பயன்படும். எமக்கோ, அறுபது ஆண்டுகளுக்கு மேலாக மனத்திற் கிடந்த ஒரு கடனைத் தீர்க்கும் வாய்ப்பாகும். அக்கடன் யாதென்பதை உரிய இடத்திற் கூறுவோம்.

யாழ்ப்பாணத்திற் பிறந்து வளர்ந்தோர்க்குத் திசை தெரியாமற் போதல் அரிது. கோயில் வாயில் கிழக்கை நோக்கி நிற்கும். ஆனி, ஆடியிற் சோளகம் தென்மேற்கிலிருந்து வீசும். மார்கழி, தையில் வாடை வடகிழக்கிலிருந்து வரும். ஒழுங்கை எத்தனை முறை வளைந்தாலும் பனங்கூடலுக்கு மேலே கோபுரம் தெரிந்துவிடும். உயரம் என்றால் எமக்குக் கோபுரமும் பனையுமே. பூமிசாத்திர வகுப்பிலே சமவுயரக்கோடு என்பதைப் படித்தோமாயினும், அது எமக்குப் பரீட்சையில் எழுதும் ஒரு சொல்லாகவே இருந்தது. கோடுகள் நெருங்கி நின்றால் நிலம் செங்குத்து என எழுதிப் புள்ளி பெற்றோம். செங்குத்தான நிலத்தை மட்டும் கண்டதில்லை.

திசையறி கருவி இன்றியே வானத்தைக் கொண்டு திசை அறியலாமே என்று சிலர் கூறுவர். பிற நாட்டவர்க்கு அது பொருந்தலாம்; எம் தீவினர்க்கு அத்துணை எளிதன்று. துருவ நட்சத்திரம் அடிவானிலிருந்து எத்தனை பாகை உயர்ந்து தோன்றுமென்பது, நாம் நிற்கும் இடத்தின் அகலக்கோட்டைப் பொறுத்தது. யாழ்ப்பாணத்தில் அது பத்துப் பாகைக்கும் குறைந்த உயரத்தில், பனை மறைப்பில் நிற்கும். மலைநாட்டிலே ஏழு பாகை அளவில் நிற்பதால், குன்றும் முகிலும் அதனை எளிதில் மறைத்துவிடும். சூரியனோ சித்திரையிலும் ஆவணியிலும் எமது உச்சிக்கு மேலாகவே செல்லுதலின், நண்பகலில் நாட்டிய கோலுக்கு நிழலே இராது. ஆதலால் மலைக்குச் செல்வோர்க்கு ஊசியும் படமும் இன்றியமையாதன.

1964 ஆம் ஆண்டு ஆகஸ்டு விடுமுறையில் எமது சாரணர் குழு ஹோட்டன் சமவெளிக்குச் செல்வதெனத் தீர்மானிக்கப்பட்டது. குழுவை நடத்தியவர் எமது பௌதிக ஆசிரியர். அவர் பெயரை இங்கு எழுதாது விடுகின்றோம். அக்காலத்தவர் எல்லாரும் அறிவர். பயணத்திற்கு இரண்டு மாதம் முன்னரே அவர் நில அளவைத் திணைக்களத்தின் ஓரங்குலப் படங்களை வருவித்து, பௌதிக ஆய்வுகூடத்தின் நீண்ட மேசையில் விரித்து, எம்மைச் சூழ நிற்கச் செய்தார். எமது மலைப்பயணம் உண்மையில் அங்கேயே தொடங்கியது.

அத்திணைக்களம் 1800 ஆம் ஆண்டு ஆகஸ்டு 2 ஆம் நாள் நிறுவப்பட்டது. அதன் ஓரங்குலப் படங்கள் தீவு முழுவதையும் 72 தாள்களில் அடக்கியவை. ஒரு மைலில் 63,360 அங்குலம் உண்டாகலின், நிலத்தில் ஒரு மைல் தாளில் ஓர் அங்குலமாகச் சுருங்கும். நடப்பவனுக்கு இது நல்ல அளவுத்திட்டம் என்றார் ஆசிரியர். இதனிலுஞ் சிறிய அளவுத்திட்டத்தில் வரைந்த படம் ஊர்களைக் காட்டும், ஓடையைக் காட்டாது. தீவை ஒரே தாளில் அடக்கும் வீதிப்படத்தை நம்பி மலையேறுதல், ஊர்ப்பெயர் மாத்திரம் தெரிந்துகொண்டு வீட்டைத் தேடுவது போலாகும் என்றார்.

படத்தைத் தேர்வதற்கு அவர் சொல்லித்தந்த விதிகள் இன்றும் பொருந்துவன. முதலாவது, அச்சிட்ட ஆண்டை நோக்குமுன் அளந்த ஆண்டை நோக்குக. புதிதாக அச்சிட்ட தாளிலும் பழைய அளவை இருக்கலாம். மனிதர் இட்ட கோடுகளாகிய ஒற்றையடிப் பாதை, தோட்டத்து இலயன், பாலம் ஆகியவை மாறிவிடும். மலைமுகடும் பள்ளத்தாக்கும் ஒரு மனிதனின் ஆயுளில் மாறா. ஆகவே ஐயம் வந்தபோது பாதைக் கோட்டை நம்பாது நிலத்தின் வடிவை நம்புக. இரண்டாவது, சமவுயரக்கோடுகளின் இடைவெளி எத்தனை அடி என்பதைத் தாளின் அடியில் வாசித்து மனத்தில் இருத்துக. மூன்றாவது, செல்லவிருக்கும் இடத்தின் தாளோடு அயல் தாளையும் கொண்டு செல்க. வழி தவறுபவன் பெரும்பாலும் தாளின் ஓரத்திலேதான் தவறுகின்றான். நான்காவது, தாளைத் துணியில் ஒட்டி, நடக்கும் பகுதி வெளியே தெரியுமாறு மடித்துக்கொள்க. நாம் கஞ்சிப்பசை காய்ச்சிப் பழைய வெள்ளைவேட்டித் துணியில் ஒட்டினோம். அவ்வேட்டி எவருடையதென்பது வேறொரு கதை.

திசையறி கருவியைப் பொறுத்தவரை, அக்காலத்தில் எம்மவர் கைக்கு எட்டியவை மூவகை. ஒன்று, சட்டைப் பொத்தானளவு சிறியது. அது விளையாட்டுப் பொருள். மற்றொன்று, இரண்டாம் உலக யுத்தத்திற் பிரித்தானிய இராணுவத்தினர் பயன்படுத்திய கனத்த பித்தளைக் கருவி. அதன் மூடியில் ஒரு மயிர்க்கோடும், ஓரத்தில் ஓர் அரியமும் உண்டு. தூரத்துக் குன்றை மயிர்க்கோட்டிற் பொருத்தி நோக்கும்போதே, அதன் திசை இத்தனை பாகை என்பதை அரியத்தினூடே வாசித்துவிடலாம். மூன்றாவது வகை 1930களிற் சுவீடனிலும் பின்லாந்திலும் வளர்ச்சியுற்றது. அதிலே ஊசி திரவம் நிறைந்த கூட்டினுள் மிதந்து, அலையாது விரைவில் நிலைகொள்ளும். கூட்டைத் தாங்கும் தட்டு கண்ணாடிபோல் ஒளி ஊடுருவுவதாதலால், அதனைப் படத்தின்மேல் வைத்துக் கோணத்தை நேரே எடுக்கலாம், பாகைமானி வேண்டுவதில்லை.

ஆசிரியரிடம் இருந்தது பித்தளைக் கருவி. கொழும்புப் புறக்கோட்டையில் பழைய சாமான் விற்கும் கடையொன்றில் அவர் வாங்கியது. கறுப்புப் பூச்சு உரிந்து, மூடி சற்று நெளிந்திருந்தது. எம்மிடம் இருந்ததோ மூன்றாவது வகை. இலண்டனிலிருந்து வந்த எமது மாமனார் அன்பளிப்பாகத் தந்தது. பளபளக்கும் அத்தட்டையும் சிவந்த ஊசியையும் குழுவிலே காட்டாத நாளில்லை. அணித்தலைவராயும் இருந்தமையால், அக்கருவி எமது பதவிக்கு ஒரு முத்திரைபோல் ஆயிற்று.

புறப்படுவதற்கு முன் எல்லாக் கருவிகளையும் சோதிக்க வேண்டுமென்றார் ஆசிரியர். நாம், எமது கருவி புதியதென்று மெல்லச் சொன்னோம். "புதுச் சாமான் எண்டால் சோதிக்கத் தேவையில்லையோ, தம்பி?" என்று கேட்டுச் சிரித்தார். அவர் வகுத்த சோதனைகள் மூன்று. இரும்பு ஆணி இல்லாத மரமேசையிற் கருவியைச் சமமாக வைத்து, ஆணியொன்றைக் காட்டி ஊசியை விலக்கி, ஆணியைத் தூர எடுத்தபின் ஊசி முன்னைய இடத்திற்கே மீளுகின்றதா எனப் பத்து முறை பார்ப்பது முதலாவது. கருவியைச் சமமாக ஏந்தி மெல்ல ஒரு சுற்றுச் சுற்றும்போது, கூடு சுழல ஊசி அசையாது நிற்கின்றதா எனப் பார்ப்பது இரண்டாவது. மேல்மாடியில் நின்று தெரியும் கோபுரத்தின் திசையைக் கருவியால் எடுத்து, படத்தில் அளந்த திசையோடு ஒப்பிடுவது மூன்றாவது. ஒவ்வொருவரும் தம் கருவியைத் தாமே சோதித்து, பெறுபேற்றை எழுதித் தரவேண்டும்.

இங்கேதான் எமது கடன் தொடங்குகின்றது. முதலாஞ் சோதனையிற் பத்தில் நான்கு முறை எமது ஊசி தன் இடத்திற்கு மீளவில்லை. இரண்டாஞ் சோதனையிற் கூட்டோடு சேர்ந்து ஊசியும் திரும்பியது. உற்றுப் பார்த்தபோது, ஊசியின் தென்முனை தாழ்ந்து கூட்டின் அடியைத் தொட்டு உராய்வதைக் கண்டோம். கருவியைச் சற்றுச் சரித்துப் பிடித்தால் ஊசி விடுபட்டு ஓடிச் சரியான திசையில் நின்றது. சரித்துப் பிடித்தே மூன்றாஞ் சோதனையையும் முடித்தோம். தாளிலே "பத்தும் சரி" என்று எழுதி ஒப்பமிட்டுக் கொடுத்தோம். மாமனார் தந்த கருவி பழுதென்று சொல்ல மனம் வரவில்லை. பழைய பித்தளைக்கு முன் அது தோற்றதென்று சொல்ல அதனினும் மனம் வரவில்லை. சரித்துப் பிடிப்பதை நினைவில் வைத்துக்கொண்டாற் போதும் என்று எமக்கு நாமே ஆறுதல் கூறிக்கொண்டோம்.

கல்லூரிக் கோயிலில் வழிபட்டு இரவு வண்டியேறி, பொல்காவலையில் வண்டி மாறி, மறுநாள் ஒஹியாவில் இறங்கினோம். அங்கிருந்து சமவெளிக்கு ஏறும் பாதை நீண்டது. மேலே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில், பத்தனைப் புல்வெளியும், குள்ளமான மரங்கள் அடர்ந்த முகிற்காடும் மாறிமாறிக் கிடந்தன. அவ்வுயரத்திலே ஒரு வெளி இருக்குமென்று எமக்குத் தோன்றியதேயில்லை. ஒரு நாள் நடைக்குள் அடங்கும் அந்நிலத்தில் விழும் மழை மூன்று பேராறுகளுக்குப் பிரிகின்றது. ஒரு பக்கத்து நீர் மகாவலியோடு சேர்ந்து திருகோணமலைப் பக்கத்துக் கடலை அடையும். ஒரு பக்கத்து நீர் களனியோடு மேற்குக் கடலை அடையும். பெலிகுல் ஓயாவின் நீரோ வளவையோடு தெற்குக் கடலை அடையும். ஓர் ஓடையைக் கண்டு அதனை இன்னதென்று அறியாதவன் எத்திசைக்குப் போவான் என்று எண்ணிப் பாருங்கள்.

அச்சமவெளியின் தென் விளிம்பு 'உலக முடிவு' எனப்படும். அங்கே நிலம் 2,000 அடிக்கு மேலாகத் திடீரெனத் தாழ்கின்றது. காலை ஒன்பது, பத்து மணிக்குப் பின் பெரும்பாலும் மூடுபனி எழுந்து விளிம்பையும் வெளியையும் ஒன்றாக்கிவிடும். இரண்டாம் நாள் வைகறையில் எழுந்து சென்று அக்காட்சியைக் கண்டோம். திரும்பும்போது ஒவ்வோர் அணியும், பழைய வேட்டை விடுதியாகிய 'ஃபார் இன்' அருகே இருந்த எமது முகாமுக்குத் தன் கருவியைக் கொண்டு தானே வழி பார்த்து வரவேண்டுமென்பது பயிற்சி. முகாம் அங்கிருந்து வடமேற்கே இருந்தது. ஆசிரியர் இறுதி அணியோடு வருவதாகச் சொன்னார். நாம் எம் அணியினர் நால்வரோடு புறப்பட்டோம்.

அரைமணி நேரத்தில் மூடுபனி சூழ்ந்தது. இருபது முழத்துக்கு அப்பால் ஒன்றுந் தெரியவில்லை. வழியிற் சேற்றுநிலம் ஒன்று குறுக்கிட, அதனை இடப்பக்கமாகச் சுற்றினோம். சுற்றி முடித்ததும் கருவியைப் பார்த்தோம். ஊசி வடக்கைச் சரியாகவே காட்டுவதாய்த் தோன்றியது. முன்னே சென்றோம். கருவியைச் சரித்துப் பிடிக்க வேண்டுமென்பது, குளிரிலும் அவசரத்திலும், பிறர் பார்க்கின்றனர் என்ற எண்ணத்திலும் நினைவுக்கு வரவில்லை. உண்மையில் ஊசி உராய்ந்து கூட்டோடு ஒட்டி நின்றது. நாம் இடப்பக்கம் திரும்பியபோது அதுவும் எம்முடன் திரும்பியது. ஊசி சுழலாத கருவி, வைத்திருப்பவன் எத்திசையை நோக்கினாலும் அதுவே சரியென்று கூறும்.

சிறிது நேரத்தில் நிலம் இறங்கத் தொடங்கியது. கீழே ஓர் ஓடை இரைந்தது. அணியில் ஒருவன், "அண்ணை, தண்ணி போற பக்கமே போனால் ஊர் வரும் எண்டு அப்பு சொல்லுறவர்" என்றான். அனைவர்க்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. ஓடையோடு இறங்கவும் தொடங்கினோம். அப்போது எம்முள் இளையவன், கரையோரக் கிராமத்தைச் சேர்ந்தவன், நின்றுவிட்டான். "அண்ணை, சோளகம் முகத்தில அடிக்குது" என்றான். நாம் விளங்காது அவனைப் பார்த்தோம். "காலமை வெளிக்கிடேக்கை இடக் கன்னத்தில அடிச்சது" என்றான்.

தென்மேற்குக் காற்று வடமேற்கே செல்பவனுக்கு இடக் கன்னத்திற் படவேண்டும். முகத்திற் படுமாயின் அவன் தென்மேற்கே செல்கின்றான். படிப்பில் முன்னில்லாத, அதிகம் பேசாத அச்சிறுவன் கூறியது உண்மையென்பதை, அக்குழுவில் எவரினும் நாமே நன்கு அறிந்திருந்தோம். ஏனெனில் எமது கருவியின் குற்றத்தை நாம் ஒருவரே அறிந்திருந்தோம். கருவியை மெல்லச் சரித்தோம். ஊசி விடுபட்டு ஏறத்தாழ காற்சுற்று ஓடி நின்றது.

துணியில் ஒட்டிய படத்தை விரித்தோம். தெற்கே இறங்கும் ஓடையை விரலாற் பின்பற்றினோம். சமவுயரக்கோடுகள் சற்றுத் தூரம் விலகி நின்று, பின் நெருங்கி, விளிம்பிலே ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கறையாய்க் கிடந்தன. பரீட்சையிற் புள்ளி பெற்றுத்தந்த வாக்கியத்தின் பொருள் அப்போதுதான் புரிந்தது. ஓடை ஊருக்குத்தான் செல்லும்; ஆனால் அதற்கு முன் மலை விளிம்பிலிருந்து வீழும். அதற்கு வழி வேண்டுவதில்லை, எமக்கு வேண்டும். நீரோடு இறங்கினால் ஊர் வரும் என்பது எம் வன்னிக் காட்டில் நல்ல உபதேசம். செங்குத்து விளிம்புள்ள மேட்டுநிலத்தில் அதுவே ஆபத்து.

இறங்கிய வழியே மேலேறி, திறந்த புல்வெளியில் நின்று, மும்மூன்றாக விசில் ஊதினோம். ஒரு மணி நேரத்துக்குமேல் அங்கேயே இருந்தோம். பனிக்குள்ளிருந்து மறுவிசில் கேட்டது. பின்னர் ஆசிரியரின் குடை தெரிந்தது. எம்மை எண்ணிப் பார்த்தார். ஐவரும் இருக்கக் கண்டு, தம் பித்தளைக் கருவியை எடுத்துத் திசை பார்த்து, முன்னே நடந்தார். அன்று பிற்பகல் முகாமை அடைந்தோம்.

அன்றிரவு தீமூட்டத்தைச் சூழ இருந்தபோது அவர் குழு முழுவதும் கேட்க எம்மைப் பாராட்டினார். பனியில் வழி தப்புவது எவர்க்கும் நேரும். தப்பிய இடத்தில் நிற்கத் தெரிந்தவனே தலைவன் என்றார். அனைவரும் கைதட்டினர். இளையவனும் கைதட்டினான். அவன் சொன்னதால் நின்றோம் என்று நாம் கூறவில்லை. கருவியின் குற்றத்தை முன்னரே அறிந்திருந்தோம் என்றும் கூறவில்லை. தலை குனிந்து, அடக்கமுடையார் போல் இருந்தோம். ஊருக்கு வந்ததும் கருவியைப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டோம்.

பல்லாண்டுகளுக்குப் பின், தொழில் நிமித்தம் நில அளவை நூல்களைப் படிக்க நேர்ந்தபோதே அக்கருவி பழுதானதன்று என்பதை அறிந்தோம். பூமியின் காந்தவிசை ஊசியை வடக்கே இழுப்பதோடு கீழேயும் இழுக்கின்றது. இலண்டனில் இச்சாய்வு ஏறத்தாழ 66 பாகை. ஆகவே அந்நாட்டுக்கெனச் செய்யும் கருவியில், வடமுனை தாழாதிருக்க, ஊசியின் தென்பக்கத்தைச் சற்றுக் கனமாக்கிச் சமன்செய்வர். சாய்வே இல்லாத காந்த மத்தியகோடு எம் தீவுக்கு மிக அண்மையிற் செல்கின்றது. இங்கே ஊசியைக் கீழே இழுப்பது அரிதாகையால், அங்கே துணைசெய்த அக்கனமே இங்கே தென்முனையைத் தாழ்த்தி உராயச் செய்தது. அன்று உண்மையைச் சொல்லியிருந்தால், பௌதிக ஆசிரியராகிய அவர் கரும்பலகையில் ஒரு படம் வரைந்து ஐந்து நிமிடத்தில் இதனை விளக்கியிருப்பார். பொய் எழுதியதால் நால்வரின் உயிரைப் பணயம் வைத்ததோடு, அந்த ஐந்து நிமிடப் பாடத்தையும் இழந்தோம். பின்னர் அவரிடம் சொல்ல நினைத்த பொழுதெல்லாம் நாளை என்று ஒத்திப்போட்டோம். அவர் மறைந்துவிட்டார்.

இனி, இன்று கருவியும் படமும் வாங்குவோர்க்குச் சில சொற்கள். திரவம் நிறைந்ததும், ஒளி ஊடுருவும் நீண்ட தட்டு உடையதும், 360 பாகையும் இரண்டிரண்டு பாகையாய்ப் பிரித்ததுமான கருவி போதுமானது. திரவத்திற் பெரிய குமிழி இருந்தால் வாங்கற்க. திசையறி கருவி செய்வோர் உலகை ஐந்து காந்த வலயங்களாகப் பிரித்து ஊசிகளைச் சமன்செய்வதுண்டு. எமக்கு வேண்டுவது மத்தியகோட்டு வலயத்துக்குரியது, அல்லது எல்லா வலயத்துக்கும் பொருந்த அமைத்தது. வெளிநாட்டிலிருந்து மருமக்களுக்கும் கல்லூரிச் சாரணர்க்கும் அன்பளிப்பு அனுப்பும் பழைய மாணவர் இதனைத் தயவுசெய்து கவனிக்க. இலண்டனிலும் தொரன்ரோவிலும் நன்றாகச் சுழலும் ஊசி இங்கே தென்முனை தாழ்ந்து உராயலாம். மெல்பேணுக்கெனச் சமன்செய்தது இங்கே வடமுனை தாழ்ந்து உராயலாம். யுத்தகாலப் பித்தளைக் கருவி எவரிடமேனும் இருந்தால், அதனைத் திறந்து துடைக்கற்க. இருளில் ஒளிர்வதற்காக அவற்றிற் பலவற்றில் ரேடியம் கலந்த பூச்சு இட்டிருந்தனர்.

காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வேறுபாடு இலங்கையில் ஏறத்தாழ இரண்டு பாகை, மேற்குப் பக்கமாக. ஒரு கிலோமீற்றர் நடைக்கு அது 35 மீற்றரளவே பிழைதரும், பெரும் பிழையன்று. ஆனால் இடுப்பிலுள்ள கத்தியும், சட்டைப்பையிலுள்ள கைத்தொலைபேசியும் ஊசியை அதனிலும் பன்மடங்கு திருப்பவல்லன. 20 பாகை பிழைத்தால் ஒரு கிலோமீற்றரில் 340 மீற்றருக்கு மேல் விலகிவிடுவோம். ஊசியைப் பார்க்கும்போது இரும்பையும் காந்தத்தையும் தூர வைக்க.

ஓரங்குலப் படங்களின் இடத்தை 1:50,000 அளவுத்திட்டத்தில் 92 தாள்களில் அமைந்த மீற்றர்ப் படங்கள் எடுத்துக்கொண்டன. இன்று கைத்தொலைபேசியே செய்மதி கொண்டு நிற்கும் இடத்தைக் காட்டுகின்றது. அதனை நாம் இகழோம். எனினும் அது காட்டும் அகலக்கோடு நெடுங்கோடுகளைப் பழைய தாளில் அப்படியே குறித்தால் நூறு மீற்றருக்கு மேலும் பிழைக்கலாம். ஏனெனில் அவ்விரண்டும் அளவை தொடங்கும் அடிப்படை வேறு. பனியிலும் மழையிலும் மின்கலம் தீர்ந்துவிடுவதும் உண்டு. ஹோட்டன் சமவெளியோ 1988 இலிருந்து தேசிய வனமாக உள்ளது. அங்கே குறித்த பாதையை விட்டு விலகி நடத்தல் இன்று கூடாது. பயிற்சிக்கு வேறு இடம் தேர்க; முதலில் கல்லூரி மைதானமே போதும்.

எக்கருவியாயினும், வாங்கிய அன்றே அந்த மூன்று சோதனைகளையும் செய்க. பெறுபேற்றை உள்ளபடி எழுதுக. நான்கு முறை பிழைத்தால் நான்கு என்று எழுதுக. பிழை தெரிந்த கருவியோடு மலையேறித் திரும்பலாம். பிழையை மறைத்தவன் பின்னாலே செல்வோர்க்குத் திரும்பும் வழி நிச்சயமில்லை.

அன்று எம்மோடு வந்த நால்வரில், சோளகம் முகத்தில் அடிக்கின்றது என்று சொன்ன தம்பி இன்று எந்த நாட்டில் வாழ்கின்றாரோ, இம்மலர் அவர் கைக்கு எட்டுமோ, அறியோம். எட்டினால், அன்றிரவு தீமூட்டத்தின் அருகே எழுந்த கைதட்டல் அவருக்குரியது என்பதை இதனால் அவர் அறிந்துகொள்ள வேண்டும். அதனை அறுபது ஆண்டுகளுக்கு மேல் நாம் வைத்திருந்தோம். இப்போது திருப்பித் தருகின்றோம்.